தட்டில் பைன் மொட்டுகள்

கையத் தொடச்சாச்சு. முழங்கை வரைக்கும் ஸ்பிரிட்டு சில்லுனு ஏறி எறங்குது. கையுறை மாட்டி, மாஸ்க்கை மூக்குக்கு மேல இழுத்து விட்டாச்சு. அம்மிணி சாந்தாமணி, இனி நீ வாயத் தொறக்கப்படாது. பேசணும்னா வெளிய இருந்தப்பவே பேசியிருக்கணும். வெளிய இருந்தப்ப என்ன பண்ணுன? "டீ சாப்பிட்டீங்களா"ன்னு கேட்ட. அவரு "ஆச்சுங்க மேடம்"னாரு. அதோட முடிஞ்சுது உன்ற வீரம். வருசக்கணக்கா மனசுக்குள்ள பேசிப் பேசித் தேஞ்ச பேச்செல்லாம் கடைசில டீயில வந்து நிக்குது, கெரகம். இனிப் பேச முடியாது. லேமினாருக்கு முன்னால உக்காந்தவ பேசுனா செடி சாகும். புதுசா வர்ற புள்ளைங்களுக்கு நான்தான் அதைச் சொல்லிக் குடுக்கறது: இது முன்பக்கம் தொறந்த ஒரு அலமாரி, பின்னால இருந்து வடிகட்டுன காத்து வருது, அந்தக் காத்துக்கு நடுவுல மட்டுந்தான் மூடியத் தொறக்கலாம், உன்ற வாய்க்காத்து ஒரு பொட்டு உள்ள போனாலும் பாட்டில்ல பூசணம் பூத்துரும், தும்மல் வந்தா எந்திரிச்சு வெளிய ஓடு, அழுகை வந்தாலும் வெளிய ஓடு. ஒரு புள்ள கேட்டுச்சு, அழுகை எதுக்குங்க்கா வருதுன்னு. வரும் கண்ணு, வரும், போகப் போகத் தெரியும்னேன். எடது பக்கம் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வராண்டா. வராண்டா பெஞ்சுல இன்னாசி, பிசின் கம்பெனிக்கு மலையில மரத்தப் பாத்துக்கற ஆளு. காலுக்குப் பக்கத்துல காலியான ஐஸ் பெட்டி. கொடைக்கானல்ல இருந்து இந்தக் கோயமுத்தூர் வெயிலுக்கு மொட்டக் கொண்டாந்து சேத்துட்டு, ஸ்வெட்டரக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு, நான் முடிக்கறதுக்காக உக்காந்திருக்காரு. முடிச்சதும் சொல்லிட்டுக் கெளம்புவாராம். உக்கடத்துல பழனி பஸ்ஸப் புடிச்சு, பழனியில மலை பஸ்ஸப் புடிச்சு, ரெண்டு நாள்ல சாமானக் கட்டிக்கிட்டு பெங்களூரு. மக வீடு. பேரனப் பாத்துக்க ஆளில்லையாம். அதச் சொல்லும்போது அவரு ஐஸ் பெட்டியோட கொக்கியப் பாத்துக்கிட்டுச் சொன்னாரு. நானும் கொக்கியத்தான் பாத்தேன்.

சரி, வேலையப் பாரு. இது கொடைக்கானல் எஸ்டேட்டுல நிக்கற ஒரு கெழட்டுப் பைன் மரத்தோட கடைசி மொட்டு, இனி அதுல பறிக்க ஒண்ணும் மிச்சமில்ல. திங்கக்கெழமை ரம்பம் வருது. எஸ்டேட்டு கை மாறிப்போச்சு, வாங்குனவங்க ரிசார்ட் கட்டறாங்க, பைன் மரமெல்லாம் போகுது. பிசின் கம்பெனிக்காரங்க எங்க முதலாளிக்குப் போன் பண்ணி, மரமே இல்லைன்னு ஆன பொறவு அதே மாதிரி கன்னு எடுக்கற ஆராய்ச்சி எதுக்கு, போதும் நிறுத்திக்கங்கன்னுட்டாங்க. முதலாளிக்கு நிம்மதி. அவருக்கு வாழைதான் சாமி. வாழையக் குத்தஞ்சொல்லப்படாது, சோறு போடறதே அதுதான், ஆனா வாழைக்கு மட்டு மரியாதை கெடையாதுங்க. கெழங்குல ஒரு துண்டு நறுக்கி மீடியம்ங்கற சத்துக்கூழ்ல வச்சா ஒண்ணு ரெண்டாகுது, ரெண்டு நாலாகுது, போதும்னாலும் கேக்காது, வேர் விடுன்னு சொல்றதுக்கு முன்னால வேர் விட்டுட்டு நிக்கும். இந்த மகராசி அப்படியில்ல. பைனு. அதுலயும் வயசான பைனு. தொட்ட கத்தியில பிசினப் பூசுது, வெட்டுன எடம் கருக்குது, கருத்த எடத்துல இருந்து ஒரு கசப்புத் தண்ணி எறங்கி மீடியமே காப்பி நெறமாகிப் போகுது, தன்னத்தானே விசம் வச்சுக்கும். அதுக்குத்தான் இன்னைக்கு வைட்டமின் சி தண்ணி. மொட்டு எல்லாத்தையும் உரிச்சு ஒரே தட்டுல அந்தத் தண்ணியில போட்டு வச்சுக்கிட்டு, பொறவு ஒவ்வொண்ணா நறுக்கி பாட்டில்ல வைக்கலாம்னு. எப்பவும் ஒண்ணு உரிச்சு ஒண்ணு வைப்பேன். கருக்காம இருக்க இதுதான் நல்லதுன்னு இந்தத் தடவை மாத்திக்கிட்டேன். செதில் உரியறது பாரு, மேல பழுப்பு, அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் வெளுத்த பழுப்பு, வெங்காயம் உரிக்கற மாதிரி உரிச்சுக்கிட்டே போனா உள்ள பச்சையா ஒரு துளி. அரிசியில பாதி. எண்பது வருச மரம் கையில புடிச்சிருக்கறது அவ்வளவுதான். விதை போட்டு வளக்கலாமே மேடம்னு ஆரம்பத்துல அவருகூடக் கேட்டாரு. விதையில வர்ற கன்னு தாய் மாதிரியே இருக்கும்னு யாருங்க சொன்னது, உங்க மக உங்கள மாதிரியா இருக்குன்னு கேட்டேன். இல்லைங்க, அது அவங்கம்மா மாதிரி வாயாடின்னு சிரிச்சாரு. அப்பத்தான் அவரு சம்சாரம் இல்லைங்கறது எனக்குத் தெரிஞ்சுது. செத்து ரொம்ப நாளாச்சுன்னாரு. எனக்கு ஒரு நிமிசம் மனசு லேசாச்சு, அதுக்காக என்னை நானே திட்டிக்கிட்டேன். அடுத்த பொம்பளை செத்ததுல உனக்கென்னடி லேசு.

இந்தப் பைன் விசயத்துல இருக்கற ஓரவஞ்சனைதான் எனக்குத் தாங்கறதில்ல. கன்னா இருக்கறப்ப கிள்ளி வச்சா வேர் விடும். ஆனா கன்னுல யாருக்குத் தெரியும் அது நல்ல மரமா கெட்ட மரமான்னு? நேரா வளருதா, பிசின் கொட்டுதா, காத்துக்கு நிக்குதா, அதெல்லாம் தெரியறதுக்கே முப்பது வருசம் வேணும். ஆகா, இதுதான்யா மரம்னு தெரியற அன்னைக்கு அதுக்கு வயசாயிடுது, வேர் விடற புத்தி மறந்து போகுது. எவன் போட்ட கணக்குய்யா இது. வேணுங்கறது எதுன்னு தெரியறப்ப நேரம் போயிருது, நேரம் இருக்கறப்ப தெரிய மாட்டேங்குது. இருபத்தி நாலு வயசுல என்னைப் பாக்க வந்தவங்களுக்கெல்லாம் நான் பஜ்ஜி வச்சேன். செவ்வாய் தோசம்னு ஒருத்தன், படிச்ச பொண்ணு வேண்டாம்னு ஒருத்தன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பொறவு நானே வேண்டாம்னுட்டேன். அன்னைக்கு அவனுகள்ல ஒருத்தன் சரின்னிருந்தா கட்டிக்கிட்டுப் போயிருப்பேன், எவன்னாலும் சரி. எனக்கு எது வேணும்னு அன்னைக்கு யாருக்குத் தெரியும். இப்பத் தெரியுது. நாப்பத்தி நாலுல தெரியுது. ஐயே, போதும், மரத்துக்கும் எனக்கும் முடிச்சுப் போடறதுக்கு நான் என்ன கவிதையா எழுதறேன். அது மரம். நான் மனுசி. அதுக்கு ஹார்மோன் குடுத்தா கொஞ்சம் துளுக்கும், எனக்கு டாக்டர் குடுத்த மாத்திரைக்கு வயித்தெரிச்சல்தான் மிச்சம். அடுத்த மொட்டு. செதில்ல பிசின் ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது பாரு. கத்திய நெருப்புல காட்டு. ஆற விடு. அவரு என்ன பண்றாரு? பாக்காதே. பாத்தாச்சு. கண்ணாடியில சாஞ்சு எதிர்ச் சுவத்துல இருக்கற வாழைக்கன்னு படத்தப் பாத்துக்கிட்டிருக்காரு. காதோரம் நரை நல்லா ஏறிடுச்சு. வந்த புதுசுல அது இல்ல.

வந்த புதுசுல என்ன திட்டு வாங்குனாரு மனுசன். கம்பெனி ஜீப்புல வந்து எறங்கி, ஐஸ் பெட்டியத் தொறந்து பெருமையாக் காட்டுனாரு. உள்ள பாத்தா, ஐஸ் கட்டி உருகி, ஈர நியூஸ் பேப்பர்ல சுத்துன மொட்டெல்லாம் தண்ணியில மெதக்குது. எனக்கு வந்துச்சே கோவம். ஏனுங்க, மொட்டுக் கொண்டாரச் சொன்னமா ரசம் வைக்கச் சொன்னமா? இதென்ன மீனுன்னு நெனச்சீங்களா? ஒரு மரத்து உசுர எடுத்துக்கிட்டு வர்றீங்க, கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமான்னு கத்துனேன். வராண்டாவுல எல்லாரும் எட்டிப் பாத்தாங்க. வேற ஆம்பளையா இருந்தா மேனேஜரக் கூப்பிடுன்னிருப்பான். இவரு பெட்டிக்குள்ள பாத்தாரு, என்னைப் பாத்தாரு, "தப்புத்தாங்க மேடம். எப்பிடிக் கட்டணும்னு காமிச்சுக் குடுங்க, மறுக்கா ஏறிப் பறிச்சுக்கிட்டு வாரேன்"னாரு. மறுக்கா ஏறணும்னா எவ்வளவு ஒசரம்னு அப்ப எனக்குத் தெரியாது. அடுத்த தடவை பாசியில பொதிஞ்சு கொண்டாந்தாரு, ஒவ்வொரு மொட்டையும் தனித்தனியா. கூடவே ஒரு பையில மலைப்பூண்டு. இதெதுக்குங்கன்னேன். வாயுவுக்கு நல்லதுங்க, கோவத்துக்கும் நல்லதுன்னாரு. திமிரப் பாருன்னு நெனச்சேன், சிரிப்பு வந்துருச்சு. அப்புறம் தடவைக்கொண்ணு. பேரிக்காய், கேரட்டு, ஒரு தடவை பனியில நனைஞ்ச ரெண்டு பைன் காய். பைன் காய வச்சு என்ன பண்றதுங்க, கொழம்பா வைக்கறதுன்னேன். மேசையில வைங்க, மழை வந்தா மூடிக்கும், வெயிலடிச்சா விரியும்னாரு. நெசமாத்தான், மூடுது, விரியுது. தம்பி பொண்டாட்டி அதைக் குப்பைன்னு நெனச்சுத் தூக்கி வீசிட்டா. ஒரு நாள் பூரா அவகூட நான் பேசல. காரணம் கேட்டா என்னன்னு சொல்றது.

ஒரே ஒரு தடவை போனேன். மரத்தப் பாக்காம அதுக்கு மருந்து கலக்கறதா, நேர்ல பாத்துட்டு வர்றேன்னு முதலாளிகிட்டச் சண்டை போட்டு வாங்கிக்கிட்டுப் போனேன். நெசமாவே மரத்தத்தான் பாக்கப் போனேனா? போனேன். மரத்தையுந்தான் பாத்தேன். மேல பாத்தா கழுத்து வலிக்குது. மத்ததெல்லாம் காத்துக்குச் சாஞ்சு நிக்க அது மட்டும் நிமிந்து நிக்குது. அடியில பிசின் எடுத்த காயம் ஆறி ஆறித் தழும்பாக் கெடக்கு. மத்த மரத்துல செரட்டை பாதி நெறயறதுக்குள்ள இதுல வழிஞ்சு ஓடிரும்ங்கன்னு, ஏதோ தன் மக ரேங்க் வாங்குன மாதிரி சொன்னாரு. நீங்க ஏறுவீங்களான்னேன். விளையாட்டுக்குத்தான் கேட்டேன். மனுசன் செருப்பக் கழட்டி வச்சாரு, இடுப்புல கயித்தச் சுத்துனாரு, ஏற ஆரம்பிச்சுட்டாரு. ஐம்பது வயசு ஆளு. போதும்ங்க, எறங்குங்கன்னு நான் கீழ நின்னு கத்தறேன், காத்துல காதுல விழுகுதா என்ன. பனி எறங்குச்சு. பாதிக்கு மேல ஆளே தெரியல. வெள்ளையா ஒண்ணு மூடிக்கிச்சு, உள்ள இருந்து கெளை ஆடற சத்தம் மட்டும் வருது. விழுந்துருவாரோ. விழுந்துட்டா நான் யாருன்னு சொல்லி அழுகறது? அங்க நின்னப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது, வேற எங்கயும் இல்ல. இந்த ஆளு எனக்கு வேணும். எறங்கி வந்தாரு, கையில மொட்டு, முழங்கையெல்லாம் செராய்ப்பு. இந்தாங்க மேடம்னு நீட்டுனாரு. வாங்கும்போது விரல்ல பிசின் ஒட்டிக்கிச்சு. தண்ணியில போகாதுங்க, தேங்கா எண்ணெ போட்டுத் தேச்சாப் போயிரும்னாரு. எனக்குத் தெரியாதா, தெனமும் கத்தியில இருந்து அதைத்தான எடுக்கறேன். ஊருக்கு வந்து எண்ணெ போடல. அது கருத்து, அழுக்குப் புடிச்சு, தானா உதுர்ற வரைக்கும் வச்சிருந்தேன். ராத்திரி படுத்தா அந்த விரல மூக்குக்குப் பக்கத்துல வச்சுக்குவேன். சொல்றதுக்கே வெக்கமா இருக்கு, ஆனா யாருகிட்டச் சொல்றேன், எனக்குள்ளதான.

வெக்கை வருது. அடிவயித்துல இருந்து பொறப்பட்டு நெஞ்சுக்கு ஏறி, கழுத்து, காது. மாஸ்க்குக்குள்ள வேர்க்குது. லேமினார் காத்து மூஞ்சில அடிச்சும் வேர்க்குது. தூரம் நிக்கற வயசுல வர்ற வெக்கை, இந்த வருசம் ஆரம்பிச்சது. ஏசியக் கொறைங்கன்னா இந்தப் புள்ளைங்க குளுருதுங்க்கான்னு சால்வை போத்துதுங்க. இருக்கட்டும், வந்த மாதிரி போகும். கொறட்டப் புடி. கடைசி மொட்டு ரெண்டு. உரிச்சு முடிச்சுட்டா நறுக்கணும், நறுக்கி முடிச்சுட்டா மூடணும், மூடி முடிச்சுட்டா எந்திரிச்சு வெளிய போகணும், போனா அவரு சரிங்க மேடம்பாரு, நான் சரிங்கம்பேன். அதுக்கப்புறம் என்ன? அதுக்கப்புறம் சாயங்காலம் வீடு. வீடுன்னா தம்பி வீடு. பின்னால ஒரு ரூம்பு, பாதியில மாவு மெஷின், பாதியில நான். என்ற தம்பி தங்கமானவன், ஒரு நாளும் ஒரு சொல்லு சொன்னதில்ல. அவன் பொண்டாட்டியும் சாதம் போட்டுட்டுத்தான் தான் சாப்பிடுவா. ஆனா ஒறம்பரைன்னு சொந்தக்காரங்க வந்தா, "இவங்க எங்க வீட்டுக்காரருக்கு அக்கா, இங்கதான் இருக்காங்க"ன்னு சொல்லுவா பாருங்க, அந்த "இங்கதான் இருக்காங்க" இருக்கே, அது என்னைச் சொவத்துல ஆணியடிச்சு மாட்டி வைக்குது. அன்னைக்குப் பூண்டத் தொலிச்சுக்கிட்டே கேட்டா, "ஏனுங்க அண்ணி, இந்தப் பூண்டு யாரு குடுக்கறாங்க, மாசாமாசம் வருது?" லேப்புக்கு வர்றவங்க குடுக்கறாங்கன்னேன். "எல்லாருக்கும் குடுப்பாங்களா, உங்களுக்கு மட்டுமா?" வாயப் பாரு அவளுக்கு. எல்லாருக்குந்தான்னேன். பொய். வேற யாருக்குக் குடுத்தாரு? யாருக்கும் இல்ல. ஆனா அதுவும் எப்படித் தெரியும், மரத்த நல்லாப் பாத்துக்கணும்னு எனக்குக் குடுத்திருக்கலாம். வைத்தியருக்குக் குடுக்கற மாதிரி. ஆளு வேதக்காரரு, கிறிஸ்தவரு. நாங்க கவுண்டருங்க. ஊருக்குள்ள தெரிஞ்சா நாக்கப் புடுங்கற மாதிரி கேப்பாங்க. கேக்கட்டுமே. என்னை இருபது வருசமா யாரு என்ன கேட்டாங்க? பசிக்குதான்னு கேட்டாங்க, வேறென்ன.

அந்த ஒத்தை ஊசி வந்த அன்னைக்கும் இதே யோசனைதான். பைன் ஊசி வயசான மரத்துல கொத்துக் கொத்தாத்தான் வரும், மூணு மூணா. விதையில இருந்து மொளைச்ச பச்சக் குழந்தைக்குத்தான் ஒத்தை ஒத்தையா, மெலிசா, நீலம் ஓடுன பச்சையில வரும். எண்பது வருச மரத்தோட துளிர்ல அந்த ஊசி வந்துச்சுன்னா அது தன் வயச மறந்துருச்சுன்னு அர்த்தம். ஒரு மொட்டத் துளுக்க வச்சு, அதோட நுனிய எடுத்து எளசான கன்னு மேல ஒட்டு வச்சு, அந்த ஒட்டு துளுத்ததும் அதோட நுனிய மறுபடி இன்னொரு கன்னு மேல ஒட்டி, மறுபடி, மறுபடி, கெழவிய எளசுங்க தோள்ல தோள்ல மாத்தி உக்கார வச்சுக் கொஞ்சற மாதிரி. அப்படிப் பண்ணுனதுல ஒரு பாட்டில்ல ஒரு நாள் காலைல பாக்கறேன், ஒத்தை ஊசி. நின்ன எடத்துல அழுதுட்டேன். வெளிய ஓடித்தான் அழுதேன், சட்டம் சட்டந்தான். ஓடி வந்து முதல்ல யாருக்குப் போன் போட்டேன்? முதலாளிக்கு இல்ல. "இன்னாசி சார், உங்க மரத்துக்குச் சின்ன வயசு திரும்பிருச்சு." "அதுக்குக் குடுத்து வச்சிருக்கு மேடம்"னாரு. அதுக்கு. அதுக்குன்னா மரத்துக்கு. அந்த ஒரு வார்த்தையப் புடிச்சுக்கிட்டு எத்தனை நாளு நான் பொரண்டு படுத்திருக்கேன். அதுக்கு மட்டுந்தான் குடுத்து வச்சிருக்குன்னு சொன்னாரா, நமக்கு இல்லைன்னு சொன்னாரா, ஒண்ணுமே நெனைக்காம சும்மா சொன்னாரா. ஆம்பளைங்க ஒரு வார்த்தையச் சொல்லிட்டுப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துக்குவாங்க, இங்க நாம அதைப் போட்டு அரைச்சுக்கிட்டுக் கெடக்கணும். அந்தத் துளிரும் வேர் விடல. இப்பவும் உள்ள ரூம்புல லைட்டுக்குக் கீழ பச்சையா நிக்குது, வளராம, சாகாம. ஆனா இந்த மொட்டு வேற. இந்த வருசந்தான் எனக்கு நேரம் புடிபட்டுச்சு. மொட்டு விரியறதுக்குச் சரியா முன்னால பறிக்கணும், ரெண்டு வாரம் முன்னப் பின்ன ஆனாலும் உள்ள இருக்கறது மூஞ்சியத் திருப்பிக்கும். இந்தத் தட்டுல கெடக்கற எல்லாமே சரியான நேரத்துல பறிச்சது. ஒண்ணுகூடக் கருக்கல. பச்சையாப் பாத்துக்கிட்டுக் கெடக்குதுங்க. இதுல வேர் வரும், என்ற உள்ளங்கைக்குத் தெரியுது. இவரு அந்த மரத்துக்காக எவ்வளவு ஏறி எறங்கியிருக்காரு. மரம் போனாலும் இதுல ஒரு கன்னு நின்னாப் போதும், செத்தாலும் நிம்மதியாப் போவேன்னு பெட்டியக் குடுக்கறப்பச் சொன்னாரு. அந்த நிம்மதியத்தான் நான் இப்பக் கத்தியில புடிச்சிருக்கேன்.

கண்ணாடியில டக்குனு ஒரு தட்டு. திரும்பிப் பாத்தேன். எந்திரிச்சு நிக்கறாரு. ஸ்வெட்டர் தோள்ல. போனக் காதுல இருந்து எடுத்துட்டு, ரோட்டுப் பக்கம் கையக் காட்டறாரு. ஆட்டோ வந்துருச்சாம். இல்ல, பஸ்ஸுக்கு நேரமாச்சாம். அதுக்குள்ளயா? நான் இன்னும் நறுக்கவே ஆரம்பிக்கல. கொறடு ஒரு கையில, கத்தி ஒரு கையில, தட்டு தொறந்து கெடக்கு, எல்லா மொட்டும் அதுல. சித்த இருங்கன்னு தலைய ஆட்டுனேன். அவரு சரி சரின்னு தலைய ஆட்டுனாரு. நான் இருங்கன்னேன், அவருக்குப் போயிட்டு வாங்கன்னு தெரிஞ்சிருக்கு. கண்ணுக்குக் கீழ எல்லாத்தையும் மூடிக்கிட்டு உக்காந்திருக்கறவ தலைய ஆட்டுனா என்னத்தத் தெரியும் ஒரு மனுசனுக்கு. எந்திரிச்சு வெளிய ஓடலாம். ஓடுனா, கழட்டி, மாட்டி, திரும்பக் கையத் தொடச்சு வர்றதுக்குள்ள தட்டுல இருக்கறது ஊறிக் கருத்துப் போகும். இருந்து நறுக்குனா அவரு போயிருவாரு. போனா வர மாட்டாரு. பெங்களூரு நம்பர் மாத்திக்குவாரு, பேரனுக்கு ஸ்கூல் பை தூக்குவாரு, எப்பவாவது மழை வர்றப்பக் கோயமுத்தூர்ல ஒரு கோவக்காரி இருந்தான்னு நெனப்பாரு. நறுக்கு சாந்தாமணி. அவரு கேட்டது அதைத்தான. அவருக்கு வேண்டியதச் செஞ்சு குடுத்துட்டு உன்ற ரூம்புக்குப் போ. கத்திய நெருப்புல காட்டுனேன். மறுபடி திரும்பிப் பாத்தேன். ஐஸ் பெட்டியக் கீழ வச்சுட்டு, ரெண்டு கையையும் கூப்பி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு, என்னைக் கும்பிட்டாரு. அந்நியமா, மரியாதையா, எழவு வீட்டுல இருந்து கெளம்பறவங்க மாதிரி. பெட்டியத் தூக்கிக்கிட்டுத் திரும்பிட்டாரு. முதுகு தெரிஞ்சுது. எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. கையுறைக் கையாலயே மாஸ்க்கைப் புடிச்சுக் கீழ இழுத்தேன். தட்டுக்கு மேல, தொறந்து கெடந்த மொட்டுகளுக்கு மேல, மூஞ்சிய நீட்டிக்கிட்டு, உசுரு போற மாதிரி கத்துனேன்.

"போகாதீங்க! ஏனுங்க, போகாதீங்க! நீங்க போனா நான் என்ன பண்றது?"

தட்டுல எச்சில் தெறிச்சது கண்ணுக்கே தெரிஞ்சுது. கதவு தடார்னு தொறந்துச்சு, செருப்போட, வெளித் தூசியோட, வெயிலோட உள்ள வந்து நின்னாரு. செருப்புப் போட்டு ஒருத்தரும் உள்ள வந்ததில்ல இது வரைக்கும். காத்து மெஷின் பாட்டுக்கு உஸ்ஸுனு அடிச்சுக்கிட்டிருந்துது, இனி அது அடிச்சு என்ன, அடிக்காம என்ன. அவரு முதல்ல என்னைப் பாக்கல. தட்டத்தான் பாத்தாரு. ஆறு வருசமா என்கூடப் பழகுன ஆளு, வாய் தொறந்தா என்ன ஆகும்னு அவருக்குத் தெரியும்.

"மொட்டு..."ன்னாரு.

"போச்சுங்க."

"அம்புட்டுமா?"

"எல்லாந்தான். ஒரே தட்டுல வச்சிருந்தேன். உரிச்சத மறுபடி மருந்துல கழுவுனா வெந்துருமுங்க."

திங்கக்கெழமை ரம்பம் வரப் போற மரத்த, சனிக்கெழமையே நான் வெட்டிப் போட்டேன். அழுகை வந்துருச்சு. வெளிய ஓடல. ஓடறதுக்கு இனி என்ன இருக்கு. திட்டுவாருன்னு நின்னேன். திட்டுனா வாங்கிக்கலாம், நான் எத்தனை திட்டியிருக்கேன் அவர. அவரு தட்டுக்குப் பக்கத்துல குனிஞ்சாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. பச்சையாத்தான் கெடந்துதுங்க இன்னும், ஒண்ணுந் தெரியாத மாதிரி. அவரு நிமிந்தப்பக் கண்ணு செவந்திருந்துது. மரத்துக்கா, எனக்கான்னு நான் கேக்கல. பக்கத்துல இருந்த ஸ்டூல இழுத்துப் போட்டு அப்படியே உக்காந்துட்டாரு. வெளிய ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சான். இவரு காதுல போட்டுக்கல.

"என்ன மேடம் இப்பிடிப் பண்ணிப்புட்டீங்க?" தோள்ல இருந்த ஸ்வெட்டர எடுத்து மடியில வச்சாரு. "மரமும் இல்ல. மொட்டும் இல்ல. இதுக்கு மேல எதச் சொல்லிக்கிட்டு நான் இங்க வாரது?"

நான் கையுறையக் கழட்டிக் கீழ போட்டேன். மெஷின நிறுத்துனேன்.

"சாந்தாமணியப் பாக்க வந்தேன்னு சொல்லுங்க"ன்னேன்.